தங்கச்சி பி.ஏ. கிரிமினாலஜி படிக்கலாமா? கோபியிலிருந்து வந்த கேள்விக்கு விரிவான பதில்

கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். தங்கச்சி அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் வணிகவியல் பிரிவு எடுத்து பிளஸ் டூ முடித்திருக்கிறாள். படித்தால் பி.ஏ. கிரிமினாலஜி (குற்றவியல்) தான் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். வீட்டுப் பெரியவர்கள், "அதென்ன படிப்பு, படிச்சா எஸ்.ஐ. ஆயிருவாளா?" என்கிறார்கள். மூன்று வருஷத்தை எப்படித் திட்டமிட்டு முடிப்பது என்பது அவர் எழுதியிருக்கும் கேள்வி. அதற்குள் இன்னும் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இந்தப் பட்டம் காக்கிச் சட்டைக்கு வழியா? ஃபாரன்சிக் லேபுக்கு, அதாவது தடயவியல் ஆய்வகத்துக்கு வழியா? இரண்டும் இல்லையென்றால் எதற்கு? இவற்றுக்குப் பதில் தெரியாமல் செமஸ்டர் திட்டம் போட்டுப் பிரயோஜனம் இல்லைங்க. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் போலீஸ். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் சப்-இன்ஸ்பெக்டர் தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். பி.காம். படித்தவரும் பி.ஏ. தமிழ் படித்தவரும் கிரிமினாலஜி படித்தவரும் அங்கே ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். கிரிமினாலஜிக்கென்று தனி மதிப்பெண்ணோ முன்னுரிமையோ இல்லை. அண்மை அறிவிப்புகளின்படி மொத்தம் 100 மதிப்பெண். அதில் எழுத்துத் தேர்வுக்கு 70, உடற்திறனுக்கு 15, நேர்முகத்துக்கு 10, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுக்குச் சேர்த்து 5. எழுத்துத் தேர்வுக்கு முன்னால் தமிழ்த் தகுதித் தேர்வு ஒன்று உண்டு. அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் முதன்மைத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். பலருக்கும் தெரியாத ஒரு விஷயம்: வெளியிலிருந்து எழுதுபவர்களுக்கு முதன்மைத் தாளில் பொது அறிவும் உளவியல், தர்க்கம் சார்ந்த கேள்விகளும்தான் வரும். குற்றச் சட்டங்களையும் காவல் நிர்வாகத்தையும் தனிப் பகுதியாகக் கேட்பது ஏற்கெனவே துறையில் இருப்பவர்களின் ஒதுக்கீட்டுத் தாளில்தான். ஆகவே, மூன்று வருஷம் சட்டம் படித்தால் எஸ்.ஐ. தேர்வு சுலபம் என்ற கணக்கு தப்பு. உயரத்தையும் இப்போதே அளந்துவிடுங்கள். பெண்களுக்குப் பொது, பி.சி., எம்.பி.சி. பிரிவுகளில் 159 செ.மீ., எஸ்.சி., எஸ்.டி. பிரிவுகளில் 157 செ.மீ. கேட்கிறார்கள். எந்தப் பட்டம் வாங்கினாலும் இந்த ஒரு சென்டிமீட்டருக்கு விலக்கு கிடையாது. வயதும் மதிப்பெண் பிரிப்பும் அறிவிப்புக்கு அறிவிப்பு மாறக்கூடியவை. அந்தந்த ஆண்டு அறிவிப்பைத்தான் நம்ப வேண்டும், பயிற்சி மையத்து நோட்டீஸை அல்ல.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. உங்கள் தங்கச்சியின் கையில் இப்போது ஒரு துருப்புச் சீட்டு இருக்கிறது, அது அவளுக்கே தெரிந்திருக்காது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலைகளில் 20 சதவீத இடஒதுக்கீடு உண்டு. 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பட்டம் கேட்கும் வேலையென்றால் ஒன்றாம் வகுப்பு முதல் பட்டம் வரை முழுவதும் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். கிரிமினாலஜியோ பெரும்பாலான கல்லூரிகளில் ஆங்கில வழி. அதில் சேர்ந்த அன்றே, பன்னிரண்டு வருஷம் சேர்த்து வைத்த அந்தச் சலுகை பட்டதாரி அளவிலான வேலைகளுக்குக் கைவிட்டுப் போய்விடும். வகுப்பில் தமிழில் விளக்கினார்கள், பரீட்சையைத் தமிழில் எழுத விட்டார்கள் என்பதெல்லாம் பிறகு செல்லாது. கல்லூரி முதல்வர் "பயிற்று மொழி தமிழ்" என்று சான்று தந்தால்தான் உண்டு. எஸ்.ஐ. ஆவதும் குரூப் தேர்வு எழுதுவதும்தான் வீட்டின் நோக்கம் என்றால், தமிழ் வழியில் பி.ஏ. வரலாறோ பி.ஏ. பொருளியலோ படித்துக்கொண்டு கூடவே தேர்வுக்குத் தயாராவதுதான் லாபம். கிரிமினாலஜி பிடிக்கும் என்பது வேறு, போலீஸ் ஆக வேண்டும் என்பது வேறு. சேரும் முன்னால் இந்த இரண்டையும் அவளிடம் தனித்தனியாகக் கேளுங்கள்.

அடுத்து ஃபாரன்சிக். இங்கே குழப்பமே வேண்டாம்: வணிகவியல் பிரிவில் படித்தவருக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது. தடயவியல் என்பது வேதியியல், இயற்பியல், உயிரியல். தமிழ்நாட்டின் தடயவியல் துறையே 1849-இல் சென்னையில் இரசாயனப் பரிசோதகர் ஆய்வகமாகத் தொடங்கியதுதான். கோவையிலும் சேலத்திலும் இருக்கும் வட்டார ஆய்வகங்களில் விஞ்ஞானிப் பணிக்கு எம்.எஸ்சி. அளவில் அறிவியல் பட்டம் வேண்டும். ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள வழக்குகளில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176(3)-ஆம் பிரிவு சொல்கிறது. அதனால் ஆள் தேவை கூடும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. ஆனால் அந்த ஆள் தேவை பி.எஸ்சி., எம்.எஸ்சி. படித்தவர்களுக்கு. பி.ஏ. கிரிமினாலஜியில் "தடயவியல் அறிமுகம்" என்று ஒரு தாள் வரும். கைரேகை, இரத்தத் தெளிப்பு, கையெழுத்து ஒப்பீடு எல்லாம் அதில் இருக்கும். அதை வைத்து லேபுக்குள் போக முடியாது. சேர்க்கை நேரத்தில் வெள்ளை கோட்டும் பூதக்கண்ணாடியும் போட்ட பேனரைக் காட்டி பி.ஏ. சீட்டு விற்கும் இடங்கள் இருந்தால், அந்தப் பேனரே போதுமான எச்சரிக்கை.

அப்படியானால் இந்தப் படிப்பு எதைப் பற்றியது? குற்றம் ஏன் நடக்கிறது, யாருக்கு நடக்கிறது, போலீஸ், கோர்ட், ஜெயில் மூன்றும் அதை என்ன செய்கின்றன, என்ன செய்யத் தவறுகின்றன என்று கேட்கும் சமூக அறிவியல் இது. 1764-இல் இத்தாலிய அறிஞர் பெக்காரியா தண்டனையைப் பற்றி எழுதியது, 1876-இல் இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ மண்டை ஓட்டை அளந்து "பிறவிக் குற்றவாளி" என்று சொல்லித் தடுமாறியது, 1938-இல் மெர்ட்டன், 1939-இல் சதர்லாந்து என்ற அமெரிக்கச் சமூகவியலாளர்கள் சொன்னது என்று பாடம் போகும். மனப்பாடம் செய்தால் இதைவிடச் சலிப்பான படிப்பு இல்லை. நம் ஊரை வைத்துப் படித்தால் கதையே வேறு. 1979-இல் கோஹனும் ஃபெல்சனும் சொன்ன அன்றாட நடவடிக்கைக் கோட்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். குற்றம் செய்யத் துணிந்த ஆள், தோதான இலக்கு, காவலுக்கு ஆள் இல்லாத நிலை மூன்றும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கூடினால் குற்றம் நடக்கும் என்கிறது அது. 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் ஒரே குடும்பத்தில் மூவர் கொல்லப்பட்டார்கள், 2025-இல் ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கம் வயதான தம்பதி கொல்லப்பட்டார்கள். தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில் முதியவர்கள் தனியாக, பிள்ளைகள் வெளியூரில், அடுத்த வீடு கூப்பிடு தூரத்தில் இல்லை, உடம்பில் நகை. ஊர் ஒன்றாகக் கூடியிருக்கும் அமைப்புக்கும் தோட்டத்துக்குத் தோட்டம் சிதறியிருக்கும் நம் கொங்கு அமைப்புக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்தே ஒரு தேர்வு விடை எழுதலாம். அதேபோல் சதர்லாந்தின் வெள்ளைக் காலர் குற்றத்துக்கு, அதாவது மதிப்பான இடத்தில் இருப்பவர்கள் தொழிலின் பேரில் செய்யும் மோசடிக்கு, அமெரிக்க உதாரணம் எதற்கு? 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்ப்பில் பணம் போட்டு ஏமாந்தவர்களைக் கேட்டால் போதும். முதலீட்டாளர் பாதுகாப்புக்கான தமிழ்நாட்டுச் சட்டம் 1997-லேயே வந்துவிட்டது. அந்த வழக்குகளுக்கான தனி நீதிமன்றம் கோவையிலேயே இருக்கிறது. சட்டம் இருந்தும் ஏன் ஏமாந்தார்கள், ஏமாந்தவர்களில் ஒரு பகுதியினர் ஏன் வெளியில் சொல்லவே கூச்சப்படுவார்கள் என்பது, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிப் படிக்கும் பாதிக்கப்பட்டோரியல் தாளுக்கு நேரடியான பொருள்.

இதைப் படித்துவிட்டு அவளுக்கு "இதுதான் எனக்கு வேண்டும்" என்று தோன்றினால், கல்லூரியைப் பார்க்கலாம். கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி மாவட்டக் கல்லூரிகள் பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழும், சேலம், நாமக்கல், தர்மபுரி பக்கம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழும் வருகின்றன. இந்தப் பாடம் பெரும்பாலும் தனியார் கல்லூரிகளின் சுயநிதிப் பிரிவில்தான் கிடைக்கும். அரசுக் கல்லூரிச் சேர்க்கைக்கான இணையதளத்தில் விண்ணப்பிப்பதையும் விட்டுவிடாதீர்கள். அங்கே மொழிப்பாடங்கள் நீங்கலாக மற்ற நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்தான் தரவரிசைக்குக் கணக்கு, கையில் ஒரு மாற்று இருக்கட்டும். தனியார் கல்லூரிக்குப் போய் நான்கு கேள்வி கேளுங்கள். பட்டச் சான்றில் என்ன பெயர் அச்சாகும்? "குற்றவியல்", "குற்றவியல் மற்றும் காவல் நிர்வாகம்", "குற்றவியல் நீதி நிர்வாகம்" என்று பெயர் மாறினால், குறிப்பிட்ட பட்டம் கேட்கும் வேலைகளில் இரண்டு பட்டமும் சமம் என்ற இணைத்தன்மைச் சான்று தேடி அலைய வேண்டிவரும். பாடம் எடுப்பவர்களில் எத்தனை பேர் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யு.ஜி.சி. நெட் தேர்வைக் குற்றவியல் பாடத்தில், அதாவது 68-ஆம் எண் பாடத்தில் தேறியவர்கள்? ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ஒருவரும் வேறு துறை ஆசிரியர்கள் மூவரும் மட்டும் இருந்தால் கோட்பாடும் ஆராய்ச்சி முறையும் தள்ளாடும். எத்தனை பேட்ச் வெளியே போயிருக்கிறது, அவர்களில் இரண்டு பேரின் நம்பர் கிடைக்குமா? பாடத்திட்டம் புதிய சட்டங்களுக்கு மாறிவிட்டதா? அவள் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் உண்டு. அதற்கு நேரடிக் கல்லூரிப் படிப்பாக இருக்க வேண்டும், அஞ்சல் வழி ஆகாது.

பாடத்திட்டம் மாறிவிட்டதா என்ற அந்த நான்காவது கேள்வியைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சாட்சியச் சட்டத்துக்குப் பதில் பாரதிய சாக்ஷ்ய அதினியம் நடைமுறையில் இருக்கின்றன. கொலைக்கு 302 என்றிருந்த பிரிவு 103 ஆனது, மோசடிக்கு 420 என்றிருந்தது 318(4), எஃப்.ஐ.ஆர். பதிய 154 என்றிருந்தது 173, மின்னணு ஆவணத்துக்கான 65பி என்றிருந்தது 63. பழைய புத்தகத்தைப் பாதி விலைக்கு வாங்கிப் படித்துவிட்டுப் பரீட்சையில் 302 என்று எழுதினால் மதிப்பெண் போகும். அதற்காகப் பழையதைத் தூக்கிப் போட்டுவிடவும் முடியாது. 2024 ஜூலைக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும், அந்த வழக்குகள் இன்னும் பல வருஷம் கோர்ட்டில் ஓடும். ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு, இடது பக்கம் பழைய எண், வலது பக்கம் புதிய எண், நடுவில் என்ன மாறியது என்று முதல் வருஷத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மூன்றாம் வருஷத்தில் வகுப்பே அந்த நோட்டை ஜெராக்ஸ் எடுக்கும்.

ஆறு செமஸ்டர், பொதுவாக 140 கிரெடிட். தமிழ், ஆங்கிலம், முக்கியப் பாடம், துணைப் பாடம், விருப்பப் பாடம், திறன் பாடம், சுற்றுச்சூழல், விரிவாக்கப் பணி எல்லாம் சேர்ந்தது அந்த எண். முக்கியப் பாடத்தில் 80 வாங்கிவிட்டு முதல் வருஷ ஆங்கிலத்தில் அரியர் வைத்திருந்தால் பட்டம் வராது. தமிழ் வழியிலிருந்து வருபவர்களுக்கு இடறும் இடம் அந்த ஆங்கிலத் தாளும், மூன்றாவது, நான்காவது செமஸ்டர் வாக்கில் வரும் ஆராய்ச்சி முறையியல், புள்ளியியல் தாளும்தான். புள்ளியியலில் சராசரி, திட்டவிலக்கம், இரண்டு விஷயங்களுக்குத் தொடர்பு உண்டா என்று பார்க்கும் கை-வர்க்கச் சோதனை (chi-square) மூன்றையும் கையால் போடத் தெரிந்தால் தாளில் பாதி முடிந்தது. வணிகவியல் பிரிவில் படித்தவருக்கு எண்ணைக் கண்டு பயம் குறைவு, அது அவளுக்கு ஆதாயம். வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் அபராதம் கட்டி எழுதுவது, அதற்கும் கீழே போனால் தேர்வே எழுத முடியாமல் போவது என்று கல்லூரிக்குக் கல்லூரி விதி உண்டு. கல்யாண சீசனிலும் மாரியம்மன் நோம்பியிலும் போகும் நாட்களைக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

புள்ளிவிவரம் என்றதும் இன்னொன்று. தேசியக் குற்றப் பதிவகம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கைதான் இந்தப் படிப்பின் அடிப்படைத் தரவு. அதைப் படிக்கத் தெரியாதவர்கள் செய்யும் தப்பு, எண் கூடியதைப் பார்த்ததும் குற்றம் கூடிவிட்டது என்று எழுதுவது. கூடியது பதிவாகவும் இருக்கலாம். ஒரே எஃப்.ஐ.ஆரில் பல குற்றம் இருந்தால் அவற்றில் தண்டனை அதிகமான ஒன்றை மட்டும்தான் அங்கே எண்ணுவார்கள். கொலையோடு கொள்ளையும் நடந்திருந்தால் அது கொலைக் கணக்கில் போய்விடும். இந்த ஒரு விதி புரிந்தவள் செய்தித்தாளைப் படிக்கும் விதமே மாறிவிடும்.

கடைசி வருஷப் புராஜெக்ட்டில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஐந்தாம் செமஸ்டர் முடியும்போது "கோவை மத்தியச் சிறைக் கைதிகளின் மனநிலை" என்று தலைப்பு வைப்பார்கள். வ.உ.சி. செக்கிழுத்த சிறை என்பதால் அந்த மதிலுக்கு ஒரு ஈர்ப்பு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் சிறைக்குள் ஆய்வு செய்யச் சிறைத்துறைத் தலைமையின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும், அது மாதக்கணக்கில் இழுக்கும். குற்ற வழக்கில் சிக்கிய சிறாரை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்துக்குப் போக, முன்பு சமூகப் பாதுகாப்புத் துறை என்றிருந்து இப்போது குழந்தைகள் நலன் மற்றும் சிறப்புச் சேவைகள் துறையாகியிருக்கும் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி வராது, பிப்ரவரி வந்துவிடும், நண்பர்களுக்கு கூகுள் ஃபார்ம் அனுப்பி 50 பேரின் பதிலை வைத்து ஒப்பேற்றுவார்கள். வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியிலேயே அது வெளுத்துவிடும். இளநிலைக்கு அனுமதி தேவைப்படாத தலைப்பே நல்லது. இணைய முதலீட்டு மோசடியில் பணம் இழந்தவர்கள் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு ஏன் அழைப்பதில்லை, திருப்பூரில் வடமாநிலத் தொழிலாளர்கள் திருட்டுக்குப் புகார் கொடுக்கிறார்களா, டவுன் பஸ்ஸில் மில் வேலைக்குப் போகும் பெண்கள் சந்திக்கும் சீண்டல் ஆகியவை 60 முதல் 100 பேரை நேரில் பார்த்துச் செய்யக்கூடியவை. நான்காம் செமஸ்டர் விடுமுறையில் தலைப்பு, ஐந்தாம் செமஸ்டரில் வினாநிரல், பத்துப் பேரிடம் முன்சோதனை, டிசம்பருக்குள் தரவு என்று போனால் மூச்சு முட்டாது. வினாநிரலைப் புத்தகத் தமிழில் எழுதாமல் பேச்சுத் தமிழில் எழுத வேண்டும். "தாங்கள் பாதிப்புக்கு உள்ளானீர்களா?" என்று கேட்டால் மில் தொழிலாளி "இல்லை" என்றுதான் சொல்வார். கை-வர்க்கச் சோதனைக்குக் கட்டங்களில் எதிர்பார்க்கும் எண்ணிக்கை பெரும்பாலும் ஐந்துக்குக் குறையக் கூடாது. 40 பேரை எட்டுக் கட்டமாகப் பிரித்தால் அந்தச் சோதனை தாங்காது. பெயர் விஷயத்தில் சட்டமே குறுக்கே நிற்கும். சிறார் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவும் போக்சோ 23-ஆம் பிரிவும் குழந்தையின் அடையாளம் வெளியாவதைத் தடுக்கின்றன. "ஊர் பெயரும் பள்ளிப் பெயரும் மட்டும்தானே போட்டேன்" என்பது சமாதானம் ஆகாது.

வகுப்புக்கு வெளியே காசில்லாத பயிற்சி கோர்ட்டில் இருக்கிறது. பாலியல் வழக்குகள் போன்ற மூடிய அறை விசாரணைகள் தவிர மற்றவை பொதுமக்களுக்குத் திறந்தவை. ஈரோட்டிலோ கோபியிலோ மாதம் ஒரு நாள் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து, சாட்சி எப்படிப் பிறழ்கிறார், வாய்தா எதற்காகப் போகிறது என்று குறித்துக்கொண்டு வந்தால் நடைமுறைச் சட்டத் தாள் தானாகப் புரியும். தீர்ப்புகள் நீதிமன்ற இணையதளத்தில் இலவசம். என்.சி.சி. இருக்கும் கல்லூரியானால் முதல் வருஷமே சேர்ந்துவிட வேண்டும்; மூன்றாம் வருஷத்தில் சேர்ந்து 'சி' சான்றிதழ் வாங்க முடியாது.

படித்து முடித்தபின் என்ன? என் கணிப்பில் இந்தப் பட்டத்துக்குச் சிறந்த துணை, மூன்றாண்டு எல்.எல்.பி. கோவை, சேலம், நாமக்கல்லில் அரசுச் சட்டக் கல்லூரிகள் இருக்கின்றன. பொதுப் பிரிவுக்கு இளநிலையில் 45 சதவீதம் வேண்டும், அதற்குக் கீழே போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குற்ற வழக்கு நடத்தும் வக்கீலுக்கு கிரிமினாலஜி நிஜமான பலம். இரண்டாவது வழி முதுகலை. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனாரிலும் இதற்கென்று துறைகள் இருக்கின்றன. நன்னடத்தை அலுவலர் போன்ற பணிகளுக்கு முதுகலை கேட்பதுண்டு. நெட் எழுதவும் பொதுப் பிரிவுக்கு முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம் ஆகியவற்றில் வரும் பணிகள் பெரும்பாலும் ஒப்பந்தம், தொகுப்பூதியம். அனுபவத்துக்கு நல்லவை, அதை நம்பி வீட்டுக் கடன் வாங்க முடியாது. தனியாரில் பின்னணிச் சரிபார்ப்பு, வங்கி, காப்பீட்டு மோசடி ஆய்வு ஆகியவற்றில் இடம் உண்டு. அங்கே எக்செலும் ஆங்கில அறிக்கையும் பட்டத்தைவிட அதிகம் பேசும். பள்ளி ஆசிரியர் வேலைக்கு இந்தப் பட்டம் உதவாது, பள்ளியில் கிரிமினாலஜி என்று பாடமே இல்லை. துப்பறியும் நிறுவனங்களை முறைப்படுத்தத் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. "லைசென்ஸ் பெற்ற டிடெக்டிவ் ஆக்குகிறோம்" என்று யாராவது சொன்னால் அந்த லைசென்ஸை எந்தச் சட்டம் தருகிறது என்று மட்டும் கேளுங்கள்.

உங்கள் தங்கச்சிக்கு என்று சொன்னால்: எஸ்.ஐ. வேலைதான் குறி, உயரமும் 159-ஐத் தாண்டுகிறது என்றால் தமிழ் வழிப் பட்டம். வக்கீலாகவோ, சிறார், சிறை, பாதிக்கப்பட்டோர் சார்ந்த பணிக்கோ போக ஆசை, ஐந்தாறு வருஷம் படிக்க வீட்டில் சம்மதம் என்றால் தாராளமாக கிரிமினாலஜி. மூன்று வருஷத்தோடு நிறுத்திவிட்டு உடனே சம்பளம் வேண்டும் என்றால், வணிகவியல் படித்தவளுக்கு பி.காம். இதைவிடப் பக்கத்து வழி. விண்ணப்பத்தில் பயிற்று மொழி என்ற கட்டத்தை நிரப்பும் முன் அவளையும் உட்கார வைத்து இதைப் பேசிவிடுங்கள். சேர்ந்தபின் மாற்ற முடியாதது அந்த ஒரு கட்டம்தான்.